ஜெட் ஸ்கீ ஓட்டுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர் படகுத்துறைகளில் 'வாட்டர் ஸ்கூட்டர்' என்பார்கள், கோவாவில் 'ஜெட் ஸ்கீ' என்பார்கள். ஜெட் ஸ்கீ என்பது கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயர். நாளடைவில் எல்லா நிறுவன வண்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது. பத்து நிமிட வாடகைக்கு எடுப்பவர்களும் சொந்தமாக வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

பைக் நன்றாக ஓட்டுவேன். இதுவும் அதேபோலத்தானே?

கைப்பிடி மட்டும்தான் அதேபோல. பைக்கில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் முன்சக்கரம் திரும்பும். ஜெட் ஸ்கீயில் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி திரும்பாது. முதன்முறை ஓட்டுபவர்கள் முட்டிக்கொள்வதற்கு இதுவே முதல் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

வண்டியின் அடியில் கம்பித் தடுப்பு போட்ட ஒரு வாய் இருக்கும். அதன் வழியாக நீர் உள்ளே வரும். இம்பெல்லர் என்னும் சுழலி அதை அழுத்தி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சும். நீங்கள் கைப்பிடியைத் திருப்பும்போது உண்மையில் திரும்புவது அந்தக் குழாயின் முனைதான். படகுக்கு இருப்பதுபோல நீரில் இறங்கி நிற்கும் சுக்கான் இதற்குக் கிடையாது. வலது கையில் இருக்கும் ஆக்சிலரேட்டர் லீவரை விட்டதும் பீய்ச்சல் அடங்கிவிடும். பிறகு கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி வந்த திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

பிரேக் இல்லாத வண்டி முழு வேகத்திலிருந்து தானாக அடங்கி நிற்க 90 மீட்டர் வரை ஆகலாம். நான்கு கிரிக்கெட் பிட்ச்சுகளை நீளவாக்கில் அடுக்கினாலும் அதைவிடக் குறைவுதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடியில் 50 மீட்டர் கடந்திருப்பீர்கள்.

திடீரென எதிரே ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது?

லீவரை முழுசாக விடாதீர்கள். பாதி அழுத்தத்தில் வைத்துக்கொண்டே கைப்பிடியை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். பயந்தால் கை தானாக லீவரை விட்டுவிடும். பைக் பழக்கம் அப்படி. அதனால் இதைக் கைக்குப் பழக்கியே ஆக வேண்டும். யாருமில்லாத திறந்த நீரில், ஒரு மிதவையை எதிரில் வைத்துக்கொண்டு, 20 கி.மீ. வேகத்தில் நேராகப் போய் லீவரை விட்டுத் திருப்பிப் பாருங்கள். அடுத்து லீவரைப் பிடித்தபடி திருப்பிப் பாருங்கள். ஐந்தாறு முறை செய்தால் வித்தியாசம் உடம்புக்குப் புரிந்துவிடும். 2000க்குப் பின் வந்த பல வண்டிகளில், லீவரை விட்டாலும் ஓரளவு திரும்ப உதவும் ஏற்பாடு இருக்கிறது. அது உதவிதான், அதை நம்பி வேகமாகப் போகக் கூடாது.

என் வண்டியில் பிரேக் இருக்கிறதே?

பிஆர்பி நிறுவனம் தன் சீ-டூ வண்டிகளில் 2009இல் பிரேக்கைக் கொண்டுவந்தது. இடது கை லீவரை அழுத்தினால் பின்குழாயின் மேல் ஒரு மூடி இறங்கி, பீய்ச்சும் நீரை முன்பக்கம் திருப்பிவிடும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்களுக்குப் பின்னால் வருபவரின் வண்டியில் பிரேக் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சட்டென நிற்க, அவர் உங்கள் முதுகில் ஏறுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவரும் தயாராக இல்லையென்றால் அவருடைய நெற்றி உங்கள் பின்மண்டையில் இடிக்கும். பிரேக் போடும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அந்த லீவரே பின்னோக்கிப் போகவும் வைக்கும் என்பதால் பின்னால் யாராவது நீரில் இருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம்.

நீரில் எந்தப் பக்கமாகப் போக வேண்டும்?

நம் சாலையில் இடது, நீரில் வலது. நம்மவர்கள் குழம்பும் இடம் இது. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள்படி, நேருக்கு நேர் வரும் இரண்டு இயந்திரப் படகுகளும் தத்தம் வலது பக்கம் விலக வேண்டும். குறுக்கே ஒருவர் வந்தால், யாருடைய வலது பக்கத்தில் மற்றவர் தெரிகிறாரோ அவர்தான் வழிவிட வேண்டும். வழிவிடும்போது அவருக்கு முன்னால் வெட்டிப் போகாமல், பின்னால் சுற்றிப் போங்கள். முந்துகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும். முந்தப்படுகிறவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

துடுப்புப் படகு, பாய்மரம், வலை போட்டுக்கொண்டிருக்கும் படகு ஆகியவற்றுக்கு எப்போதும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். துறைமுகக் கால்வாயில் போகும் பெரிய கப்பலுக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கும் மாலுமிக்கு அதன் மூக்கின் கீழ் இருக்கும் நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

மற்றவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும்?

ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அளவு. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் நீருக்குள் இருக்கும் மனிதர்களிடமிருந்து 60 மீட்டர் விலகி ஓட்டச் சொல்கிறார்கள். கனடாவின் பல மாகாணங்களில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எங்கே ஓட்டினாலும் இந்த இரண்டையும் உங்கள் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. நீரில் ஒரு தலை தெரிந்தால் 60 மீட்டர். அதற்குள் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் நடை வேகம்.

நடை வேகம் என்றால் என்ன? வண்டியின் பின்னால் வெள்ளை நுரை எழக் கூடாது. மூக்கு மேலே தூக்கியிருந்தால் அது நடை வேகம் அல்ல. பார்க்க மெதுவாகத் தெரிந்தாலும் அந்த நிலையில்தான் வண்டி மிகப் பெரிய அலையைக் கிளப்பும்.

நண்பர்கள் சேர்ந்து ஓட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். கூட வந்த இருவர் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வது அடிக்கடி நடக்கும் விபத்து. ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் தெறிக்க வைத்து விளையாடும்போது இரண்டு பேரும் லீவரை விடுவார்கள், இரண்டு வண்டியும் திரும்பாது. அந்த விளையாட்டை அறவே விட்டுவிடுங்கள். திரும்பும் முன் தோளுக்கு மேல் பின்னால் பாருங்கள். கண்ணாடி பின்னால் வருபவரை முழுசாகக் காட்டாது.

மணிக்கட்டில் மாட்டும் சுருள் கயிறு எதற்கு?

நீங்கள் விழுந்தால் கயிறு சுவிட்சிலிருந்து கழன்று இயந்திரம் நின்றுவிடும். கயிறு இல்லாவிட்டால் ஆளில்லாத வண்டி கூட்டத்துக்குள் ஓடும். சில வாடகை இடங்களில் கயிற்று முனையில் இருக்கும் கொக்கியை வண்டியிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்துவிட்டு, கயிற்றை அறுத்துவிடுவார்கள். அப்படி ஒரு வண்டியைக் கண்டால் ஏறாதீர்கள். இருக்கிற கயிற்றையும் சோதியுங்கள்: இயந்திரம் ஓடும்போது கரையருகில் இழுத்துப் பாருங்கள், உடனே அணைய வேண்டும். கயிறு முழங்கையைச் சுற்றிக்கொள்ளாமலும் கைப்பிடியில் சிக்காமலும் இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் அல்லவா?

சரியாகப் பொருந்தினால் போதும். எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின், யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. வேகத்தில் விழும்போது உடம்பை விட்டுக் கழன்று போகும். காற்று நிரம்பி உப்பும் வகை இதற்கு ஆகாது. நீரில் அடிக்கும் அதிர்ச்சியைத் தாங்கும் நுரை நிரப்பிய ஜாக்கெட்தான் வேண்டும். ஒரு விசில் கட்டிக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்த வேண்டும்? துப்பட்டா, புடவை பரவாயில்லையா?

கூடாது. பின்னால் உட்கார்ந்தவரின் துப்பட்டாவோ முந்தானையோ நீரில் மிதந்து அடிப்பக்க வாய்க்குள் போனால் இம்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு ஆளையே இழுக்கும். நீளமான தலைமுடியைக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்குங்கள்.

இன்னொன்றைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள், நாங்கள் சொல்லியே ஆக வேண்டும். பின்னால் இருப்பவர் வண்டி பாயும் வேகத்தில் மல்லாந்து விழுந்தால், பீய்ச்சும் நீர் ஆசனவாய் வழியாகவோ பெண்ணுறுப்பு வழியாகவோ உள்ளே பாய்ந்து குடலையும் உள்ளுறுப்புகளையும் கிழித்துவிடும். இந்த எச்சரிக்கை வண்டியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். சாதாரண நீச்சல் உடை இதைத் தடுக்காது. தொடைவரை மூடும் தடித்த நியோப்ரீன் (ஒருவகை ரப்பர் துணி) கால்சட்டை வேண்டும். பின்னால் இருப்பவர் ஓட்டுபவரின் இடுப்பையோ ஜாக்கெட் பட்டையையோ பற்றியிருக்க, ஓட்டுபவர் 'பிடித்தாயிற்றா?' என்று கேட்டபின்தான் லீவரைத் தொட வேண்டும். விழுந்தவர் திரும்ப ஏறும்போது இயந்திரம் முழுசாக அணைந்திருக்க வேண்டும்.

குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாமா?

வேண்டாம். ஒரு அலையில் வண்டி இடித்தால் குழந்தையின் முகம் நேராகக் கைப்பிடியில் மோதும், பின்னாலிருந்து உங்கள் எடையும் சேரும். உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் கால்தட்டில் படும் அளவு வளர்ந்த பிள்ளைகள் பின்னால் உட்காரலாம். அதற்குச் சிறியவர்கள் கரையில் இருக்கட்டும். ஓட்டும் வயதைப் பொறுத்தவரை, கனடாவில் 16 வயதுக்குக் கீழ் ஓட்டவே முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓட்ட 14, வாடகைக்கு எடுக்க 18.

வண்டி கவிழ்ந்துவிட்டது. எப்படி நிமிர்த்துவது?

முதலில் கயிறு கழன்றிருக்கிறதா, இயந்திரம் அணைந்ததா என்று பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். வண்டி கவிழ்ந்த நிலையில் படிக்கும்படி தலைகீழாகவே ஒட்டியிருப்பார்கள். அது காட்டும் திசையில் மட்டும் புரட்டுங்கள். மாற்றிப் புரட்டினால் புகைக்குழாயில் தேங்கிய நீர் இயந்திரத்துக்குள் இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் கவிழ்ந்த நிலையில் விட வேண்டாம். நிமிர்த்தியபின் பின்பக்கம் வழியாக ஏறுங்கள். பக்கவாட்டில் ஏறினால் மறுபடி கவிழும். காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் துரத்தி நீந்திக் களைக்காமல், மிதந்தபடி விசில் ஊதுங்கள்.

மீனவர்கள் ஏன் எங்களைக் கண்டாலே கோபப்படுகிறார்கள்?

அவர்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு. நீங்கள் பொழுதுபோக்கும் இடம் அவர்களுடைய பிழைப்பு. செவுள் வலை என்பது நீருக்குள் சுவர்போல நிற்கும் மெல்லிய நூல் வலை. மேலே தெரிவது சில மிதவைகள், ஒரு தெர்மகோல் துண்டு, ஒரு பிளாஸ்டிக் கேன், அல்லது குச்சியில் கட்டிய ஒரு துணிக்கொடி மட்டும்தான். இரண்டு கொடிகளைக் கண்டால் நடுவில் வலை கிடக்கிறது என்றே கொள்ளுங்கள். நடுவில் புகாமல் ஏதாவது ஒரு கொடிக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

கரைவலை இன்னும் கவனிக்க வேண்டியது. மணலில் இரண்டு இடங்களில் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுப்பதைப் பார்த்தால், அந்த இரண்டு கயிறும் பல நூறு மீட்டர் கடலுக்குள் போய், மடி என்னும் பை போன்ற பெரிய வலையில் சேர்கின்றன. கயிறு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இழுப்பு முடியும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். வலையை நெருங்கிய மீன் கூட்டம் உங்கள் இரைச்சலில் கலைந்தால், அத்தனை பேரின் அன்றைய உழைப்பும் போகும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் கடல் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான். கட்டுமரங்களும் சிறு படகுகளும் அப்போதும் கரையோரம் வலை விரித்திருக்கும், அதுவும் நீங்கள் ஓட்டும் அதே தூரத்தில்.

வலை அல்லது கயிறு சிக்கிவிட்டால்?

இயந்திரம் உறுமும், வண்டி நகராது. இதுதான் அடையாளம். உடனே அணையுங்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் அதே வாய் வழியாகத்தான் வருகிறது. வாய் அடைத்தபடி ஓட்டினால் சில நிமிடத்தில் சூடேறி எச்சரிக்கை ஒலி வரும், அதற்குப் பின் செலவு பெரிது. மணிக்கட்டுச் சுருள் கயிற்றைச் சுவிட்சிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பின்தான் அடியில் கைவிட வேண்டும். பாசி, பிளாஸ்டிக் பை என்றால் கையாலேயே இழுத்து எடுக்கலாம். கயிறு சுற்றியிருந்தால் கரையில் ஏற்றித்தான் பிரிக்க முடியும். சுற்றிய திசைக்கு எதிராகத் தண்டைக் கையால் திருப்பிக்கொண்டே மெல்ல இழுக்க வேண்டும்.

சிக்கியது வலை என்றால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். உரியவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு எந்த இடத்தில் பிரித்தால் சேதம் குறையும் என்று தெரியும். அறுத்தே ஆக வேண்டியிருந்தால் அதற்கான பணத்தை அங்கேயே பேசிக் கொடுங்கள்.

இன்னொரு படகு கட்டி இழுத்துவந்தால் மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் அணைந்த இயந்திரத்தின் புகைக்குழாய் வழியாக நீர் உள்ளே ஏறிவிடும் வண்டிகள் உண்டு.

சும்மா வட்டமடிக்கிறோம். கரையில் இருப்பவர்களுக்கு என்ன தொல்லை?

படகின் சத்தம் ஒரே சீராக வந்து போய்விடும். ஜெட் ஸ்கீயோ அலைமேல் எகிறும்போது நீரை விட்டு வெளியே வந்து ஒருமுறை கத்தும், விழும்போது அடங்கும், மறுபடி கத்தும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் அதைக் கேட்கிறவருக்குத் தலை வலிக்கும். ஓட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கரையை விட்டு 200 மீட்டராவது உள்ளே போய்விட்டு அப்புறம் விளையாடுங்கள். காலை 8 மணிக்கு முன் குடியிருப்புகளுக்கு எதிரில் வேண்டாம். படகின் பின்அலையில் எகிறுவதற்காக அதை ஒட்டிப் போகாதீர்கள். அந்தப் படகின் மறுபக்கத்தில் வருவது உங்களுக்குத் தெரியாது. உப்பங்கழியில் பெடல் படகுகளுக்குப் பக்கத்தில் நடை வேகம். உங்கள் அலை அவர்களைக் கவிழ்க்காவிட்டாலும், எழுந்து நிற்கும் குழந்தையைத் தள்ளிவிடும்.

எந்த நேரம் நல்லது?

காலை. கிழக்குக் கரையில் நண்பகலுக்குப் பின் கடல்காற்று ஏறும், அலையும் குறுகிய இடைவெளியில் எழும். சூரியன் மறையும் முன் கரைக்கு வந்துவிடுங்கள். இந்த வண்டிகளில் பொதுவாக இரவு விளக்கு கிடையாது. கழிமுகத்தில் மணல்திட்டு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். போன வருடம் ஆழமாக இருந்த வழி இன்று மேடாகியிருக்கும்.

எவ்வளவு ஆழம் வேண்டும்?

இடுப்பளவு, அதாவது 90 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் மணலை உறிஞ்சி இம்பெல்லர் தேயும், கூழாங்கல்லைப் பின்னால் இருப்பவர் மேல் எறியும். கரைக்கு வரும்போது இடுப்பளவு நீரிலேயே அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

ராமநாதபுரம் பக்கம் ஓட்டும்போது?

பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, அடியில் கடற்புல். அதை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு மூச்சுவிடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். தமிழக அரசு 2022இல் அதே விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. நீருக்கு அடியில் கரும்பச்சைத் திட்டுகள் தெரிந்தால் அது புல்வெளி. வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போங்கள். சென்னைக் கடலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நீருக்கு மேல் கைமுட்டி அளவு ஒரு தலை தெரிந்தால் அதுவாகவும் இருக்கலாம்.

வாடகைக்கு எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கயிறு, ஜாக்கெட், சொல்லித்தருபவர். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 'லீவரை விட்டால் திரும்புமா?' என்று கேட்டுப் பாருங்கள். 'திரும்பும் சார்' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சி பெற்றவரா என்று விசாரிக்கலாம். குடித்திருந்தால் ஏறாதீர்கள், ஓட்டுபவர் குடித்திருந்தாலும் ஏறாதீர்கள். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554.

பெட்ரோல் எவ்வளவு போட வேண்டும்?

மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்பிவர, ஒரு பங்கு கையிருப்பு. எதிர்காற்றில் திரும்பும்போது இரட்டிப்பாகக் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பெட்ரோல் விரியும் என்பதால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். போட்டதும் சீட்டைக் கழற்றி இயந்திர அறையை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மூடிய அறையில் தேங்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். நீரில் இறக்கும் முன் பின்பக்கத்து வடிகால் அடைப்பான்கள் இரண்டும் மாட்டியிருக்கின்றனவா என்று விரலால் தொட்டே பாருங்கள்.

கடலில் ஓட்டியபின் எப்படிக் கழுவுவது?

ஹோஸை மாட்டி, முதலில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பிறகு நல்ல தண்ணீரைத் திறங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை நிறுத்தி, சில நொடி கழித்து இயந்திரத்தை அணையுங்கள். வரிசை மாறினால் தண்ணீர் புகைக்குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்விடும். கழுவும்போதே சுருள் கயிறு, கொக்கி, ஜாக்கெட்டின் பட்டைகள் மூன்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். உப்பு இறுகிய கொக்கி அடுத்த முறை இழுக்கும்போது கழலாது.